நனையாத வீட்டின் கடன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

'இல்லத்தின் இன்பம்' பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். புதுவையில் நின்றுகொண்டு புயலை விடுத்து இல்லத்தைப் பற்றிப் பேச இயலாது. கூரையின் அருமை காற்று வீசும் இரவில்தான் நமக்குத் தெரிகிறது.

1916ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெரும்புயல் ஒன்று இந்நகரைத் தாக்கியது. அப்போது இங்கு வாழ்ந்த பாரதியார், அவ்விரவைக் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் சிறு பாடலாக்கினார். முன்னர்க் குடியிருந்த வீட்டிலேயே தங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று அவர்கள் நடுங்குகின்றனர். தம்மைக் காத்த தெய்வத்தை நினைந்து ஆறுகின்றனர். மாடமாளிகையின் சிறப்பு அப்பாடலில் இல்லை. இடியாமல் நின்ற சுவரே அங்குப் பெருஞ்செல்வம்.

'நாம் தப்பினோம்' என்னும் மகிழ்ச்சி இயல்பானது, அதில் குற்றமில்லை. ஆனால், அதுவே நன்றியாகிவிடுமா? பழந்தமிழில் 'நன்றி' என்பதற்கு நன்மை என்று பொருள். அதனாலன்றோ வள்ளுவர் தம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயரிட்டார்? பெற்ற நன்மை எங்கிருந்து வந்தது என்று அறிந்தாலொழிய அவ்வறம் தொடங்குவதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கிருஷ்ணா நகரில் சிக்கியோரை மீட்க இராணுவ வீரர்கள் வந்தனர். அடுத்த நாள்களில் சங்கராபரணி பெருகிக் கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தது. அதே நேரத்தில், மேட்டுத் தெருக்களில் உலர்ந்த பாயில் அமர்ந்து சூடான தேநீர் அருந்தினோரும் உண்டு. பெய்தது ஒரே மழை. தெருவின் மேடும் பள்ளமுமே நம்மைப் பிரித்தன. அந்த மேட்டை நம் உழைப்பால் ஈட்டினோமா? நம் வீட்டில் விளக்கு மீண்டும் எரியக் கம்பம் ஏறியவரின் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா? இவ்வினாக்களை எழுப்பாத மனநிறைவு, கதவைத் தாழிட்டுக்கொண்ட மனநிறைவே ஆகும்.

கதவைத் திறந்த நன்றிக்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டதும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். அவ்வூரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் அமைந்த அறிவு மையம் இருந்தது. கடல்நிலையை அறிவிக்கப் பயன்பட்ட அதன் ஒலிபெருக்கி, அன்று ஊரையே எழுப்பியது. படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஆனால், 3,000க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர். தொலைவில் பாதுகாப்பாக இருந்த ஒருவர், அப்பாதுகாப்பைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. இல்லத்தின் இன்பத்திற்கு இதனினும் உயர்ந்த பயன் உண்டோ?

எனவே, பத்தாம் ஆண்டில் அடியெடுத்து வைத்துள்ள இவ்வட்டத்திற்கு எளிய வேண்டுகோள் ஒன்றை முன்வைக்கிறேன். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், நாம் ஒவ்வொருவரும் தாழ்வான தெருவில் வாழும் ஒரு குடும்பத்தை அறிந்துகொள்வோம். அவர்தம் தொலைபேசி எண்ணைக் குறித்துவைப்போம். நீர் ஏறும் இரவில் நம் வீட்டின் ஓர் அறை அவர்களுக்கு உரியது என்று முன்கூட்டியே சொல்லிவைப்போம். அழைக்காமல் வரத் தயங்குவோர் பலர். ஆதலின், அழைக்கும் கடமை நனையாத வீட்டுக்கே உரியது.