ஊருக்குப் பொதுவான சந்தோஷம்



"கிராமத்து வாழ்க்கையில் சின்னச் சின்ன சந்தோஷங்கள்" என்று இந்த ஊர்ப்புற நூலகத்தில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் வேப்பமரத்துக் காற்றையும் குயில் சத்தத்தையும் சொல்லி, பட்டணம் கெட்டது, பட்டிக்காடு நல்லது என்று முடித்துவிடலாம். நான் அப்படிப் பேச வரவில்லை. விளைந்த நெல்லுக்கு விலை இல்லாத கவலை என்ன, நகையை அடகு வைத்து விதை வாங்கும் வேதனை என்ன என்று தெரிந்த சனங்கள் என் முன்னால் இருக்கிறீர்கள். உங்களிடம் வந்து, கஞ்சி குடித்தாலும் நிம்மதியாக இருக்கிறீர்களே என்று புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமே இல்லை. கூலி உயர்த்திக் கேட்டவனைப் பார்த்து "போதும் என்ற மனம் வேண்டும்" என்று உபதேசம் செய்தவர்களை இந்த நாடு நிறையப் பார்த்திருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நம்மைச் சந்தோஷமாக வைத்திருக்கும் சின்ன விஷயங்களில் பெரும்பாலானவை எந்த வீட்டுப் பீரோவிலும் இல்லை. அவை கண்மாயில் இருக்கின்றன, ஊருணியில் இருக்கின்றன, மந்தையில், ஆலமரத்தடியில், டீக்கடைப் பெஞ்சில், டவுன் பஸ்ஸில், இதோ இந்த நூலகத்தில் இருக்கின்றன. எல்லாம் ஊருக்குப் பொதுவான இடங்கள். பொது இடம் போனால் அந்தச் சந்தோஷமும் போகும். அதைத் தனியாக யாரும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முடியாது.

நம் சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைவது எல்லா வருஷமும் நடக்கிற காரியம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்து, மேலே இருக்கும் கண்மாய் நிறைந்து, அதன் உபரி நீர் நம் கண்மாய்க்கு வந்து, நம்முடையதும் நிறைந்து, ஒரு நாள் ராத்திரி யாராவது தெருவில் சத்தம் கொடுப்பார்கள்: "கம்மா மறுகால் போகுதப்பா!" அந்தச் சத்தம் கேட்ட வீட்டில் யாராவது தூங்கியது உண்டா? டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கலுங்குக்கு ஓடுவோம். அங்கே போய் என்ன செய்வோம்? ஒன்றும் செய்வதில்லை. நிற்போம், பார்ப்போம். தண்ணீர் கலுங்கைத் தாண்டி விழுகிற இரைச்சலைக் கேட்போம். ஆயக்கட்டில் பத்து ஏக்கர் வைத்திருப்பவரும் அங்கே நிற்பார், ஒரு செண்டு நிலம் இல்லாதவரும் நிற்பார். கண் தெரியாத அப்பத்தாவைப் பேரன் கையைப் பிடித்துக் கூட்டி வருவான். பார்க்க முடியாவிட்டாலும் சத்தம் கேட்கிறது அல்லவா? அந்த ராத்திரியில் ஊர் மொத்தத்துக்கும் வந்த சந்தோஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்தக் கண்மாய்க்கு ஒரு சர்வே எண்ணும் பரப்பளவும்தான் இருக்கும்.

அதே கண்மாய் பங்குனி, சித்திரையில் வற்றத் தொடங்கும்போது இன்னொரு சந்தோஷம் தரும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி மீன்பிடிக்கு நாள் குறிப்பார்கள். சுற்றுப்பட்டிக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். அன்று விடிவதற்குள் கரை முழுக்க ஆட்கள். ஊத்தா என்ற மூங்கில் கூடை வைத்திருப்பார்கள், வலை வைத்திருப்பார்கள், ஒன்றுமில்லாதவர்கள் பழைய சேலையையும் கொசுவலையையும் கொண்டு வந்திருப்பார்கள். ஆனால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். சாமி கும்பிட்டு முடித்து, பெரியவர் வெள்ளைத் துண்டை எடுத்து வீசினால்தான் இறங்க வேண்டும். வீசியதும் அத்தனை கூட்டமும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்கும். கெண்டை, கெளுத்தி, விரால், ஜிலேபி என்று அவரவர் கைக்குக் கிடைத்தது அவரவருக்கு. விற்பதற்கு அல்ல, வீட்டுக் குழம்புக்கு. கிடைக்காதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் இரண்டு மீனைப் போட்டுவிட்டுப் போவான். அன்று மத்தியானம் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே மீன் குழம்பு வாசனை. இப்படி எல்லோரும் இறங்கிப் பிடித்தால் அடுத்த வருஷம் மழை நன்றாகப் பெய்யும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை பலிக்கிறதோ இல்லையோ, ஏலம் விட்டுக் காசாக்கியிருக்கக்கூடிய மீனை ஊருக்கென்று விட்டுவைக்கிறார்களே, அந்த மனசைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது புறநானூற்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதில் 243-ஆம் பாட்டு தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர் பாடியது. கோல் ஊன்றி நடக்கும் ஒரு கிழவர் பேசுகிறார். நடுவே இருமல் வருகிறது, பேச்சு துண்டு துண்டாகத்தான் வருகிறது. அந்த வயதில் அவருக்கு நினைவில் இருப்பது என்ன தெரியுமா? மருத மரக் கிளை ஏறி மடுவில் குதித்ததும், மூழ்கி அடியில் இருந்த மணலை அள்ளி வந்து கரையில் நின்றவர்களிடம் காட்டியதும் போன்ற சின்ன வயது விளையாட்டுகள்தான். வென்ற போரையோ வாங்கிய பரிசிலையோ அவர் சொல்லவில்லை. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு பையன் மடுவில் அடித்த முங்குநீச்சல் இன்றைக்கும் தமிழில் இருக்கிறது என்றால், அது சின்ன விஷயமா? இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. ஊருணியில் தண்ணீரும் படித்துறையும் இல்லாமல் செய்த பெரியவர்களாகிய நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

சின்னச் சந்தோஷங்கள் இன்னும் ஏராளம். சித்திரை வெயிலில் நுங்கு தின்றுவிட்டு மிச்சக் காயில் குச்சி செருகி வண்டி ஓட்டுவது, ஆவணியில் பனம்பழம் விழும் சத்தம் கேட்டு எழுந்து ஓடுவது, பொங்கலுக்குப் பனங்கிழங்கு அவித்துத் தின்பது, மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடித்து வறுப்பது, மார்கழியில் கோலத்து நடுவே சாணி உருண்டையில் பறங்கிப்பூ செருகுவது. உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

ஆனால் திருப்பத்தூர்ப் பக்கம் இருக்கும் கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே கண்மாய் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் வந்து கூடு கட்டும். 1977-இல் அரசு அந்தப் பகுதியை வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தது. அறிவிப்பு வருவதற்கு முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் ஊர்ப் பிள்ளைகளாகத்தான் வைத்திருந்தார்கள். முட்டையிட்டு அடைகாக்கும் காலத்தில் தீபாவளி வருகிறது. வெடிச்சத்தம் கேட்டால் பறவைகள் மிரண்டு கூட்டை விட்டுப் போய்விடும் என்று, தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கூட அது தெரியும். வனத்துறையினர் தீபாவளி சமயத்தில் வந்து ஊராருக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். ஒரு குழந்தைக்கு மத்தாப்பை விட நாரைக் குஞ்சு பெரிய சந்தோஷம் என்று கற்றுக்கொடுத்த ஊர் அது. நம் மாவட்டத்தில் இருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது மனசுக்குக் கஷ்டமான ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சந்தோஷங்கள் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது இல்லை. ஊருணித் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சில தெருக்களை ஒதுக்கி வைத்திருந்த மண் இது. திண்ணையில் ஒருவர் உட்கார, இன்னொருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் நின்ற மண் இது. டீக்கடையில் ஒரு தெருவுக்கு ஒரு கிளாஸும் இன்னொரு தெருவுக்கு வேறு கிளாஸும் வைத்த மண் இது. நம் அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நாட்டின் மிகப் பெரிய சட்டத்தில் கிணறும் குளமும் குளிக்கும் படித்துறையும் கடையும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. சாதியைச் சொல்லி, மதத்தைச் சொல்லி, ஆண் பெண் என்று சொல்லி அங்கே யாரையும் தடுக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஒரு மனிதனின் கௌரவம் படித்துறையிலும் டீக்கடையிலும்தான் முதலில் சோதிக்கப்படுகிறது என்று. எல்லோரும் இறங்க முடியாத ஊருணியில் எவ்வளவு தண்ணீர் கிடந்தாலும் அது ஊர்ச் சந்தோஷம் ஆகாது.

பெண்களுக்கும் அப்படித்தான். மந்தை ஆம்பளைகளுக்கு, டீக்கடை ஆம்பளைகளுக்கு, ஆலமரத்தடி ஆம்பளைகளுக்கு. பெண்ணுக்குத் தண்ணீர்க் குழாயடியும் கோயில் வாசலும். நூறு நாள் வேலை வந்த பிறகு ஒன்று மாறியிருக்கிறது. அந்த வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு, கண்மாய்க்கரை மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து, "மதினி, ஒன் வீட்டு ஊறுகாயைத் தா", "அயித்தை, இந்தா கருவாடு" என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்களே, அந்த அரைமணி நேரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கூலியைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லும் பெண்கள் உண்டு. சோம்பேறித்தனம் என்று அதைப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். டீக்கடைப் பெஞ்சில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருக்கும் ஆண்களை அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டவுன் பஸ்ஸும் அப்படி ஒரு இடம். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டில் யாரிடமும் பத்து ரூபாய் கேட்டு நிற்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா வீட்டுக்குப் போய்வர முடிகிறது. அறுபது வயதில் முதல்முறையாகத் தன் இஷ்டத்துக்கு ஊர் போய் வரும் ஒரு தாயின் முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக நூலகம். 1931-இல் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கி, கிராமம் கிராமமாக ஓட்டிக்கொண்டு போனார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். புத்தகத்தைத் தேடிச் சனம் போக முடியாது, சனத்தைத் தேடிப் புத்தகம் போகட்டும் என்ற எண்ணம் அது. இன்றைக்கு நம் ஊரிலேயே ஒரு நூலகம் இருக்கிறது. ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கும் பழக்கம் இங்கே இன்னும் விட்டுப்போகவில்லை. எழுத்துத் தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேருகிறது. செல்போனில் அவரவர் தனித்தனியே பார்ப்பதில் வராத ஒரு சந்தோஷம் அதில் இருக்கிறது. கேட்டுவிட்டு உடனே சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம்.

இதையெல்லாம் இழப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். யாரும் ஒரே நாளில் பிடுங்குவதில்லை. வரத்துக்கால்வாயில் ஒருவர் வரப்பை ஒரு அடி தள்ளி வைக்கிறார். அடுத்தவர் இரண்டு அடி. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் முளைக்கிறது, விறகுக்கு ஆகட்டும் என்று விடுகிறோம். ஊருணிக்குள் குப்பை கொட்டுகிறோம். புது வீடு கட்டும்போது திண்ணையை எடுத்துவிட்டுக் கம்பிக்கதவு போடுகிறோம். பாதுகாப்பு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வழிப்போக்கன் உட்கார ஒரு கல்லாவது வாசலில் போட்டு வையுங்கள்.

இழந்ததைக் கேட்டு வாங்கவும் ஒரு இடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோட்டுக்கும் விளக்குக்கும் தீர்மானம் போடுகிறோம், சரி. அதோடு சேர்த்து ஊருணிப் படித்துறையைக் கேளுங்கள். வரத்துக்கால்வாயை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மந்தையில் பெண்கள் உட்கார ஒரு மேடை கேளுங்கள். நூலகம் சாயங்காலமும் திறந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். தாய்மார்கள் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து உட்காருங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க இந்த நூலக வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் தவறாமல் வாருங்கள்.