சொல்லும் காலமும்

வள்ளுவர் 'சொல்வன்மை' என்றோர் அதிகாரம் வகுத்தார். 'காலமறிதல்' என்று வேறொன்றும் வகுத்தார். இவற்றை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நம் மலையகத்தின் இரு தலைவர்களே என் நினைவுக்கு வருவர்.

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் பத்திரிகையாளர். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். துண்டுப் பிரசுரமே அவர் படைக்கலம். துணைவியார் மீனாட்சியம்மையோ பாட்டால் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1947இல் ஐயர் மறைந்தார். மறு ஆண்டே குடியுரிமை பறிபோனது.

அடுத்துத் தலைமை தாங்கிய சௌமியமூர்த்தி தொண்டமான் காலம் பார்த்தவர். முப்பதாண்டு பொறுத்து, 1978இல் அமைச்சரானார். 1986இல் தோட்டங்களைப் பிரார்த்தனைக்கு அழைத்தார், வேலைநிறுத்தம் என்னவில்லை. நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் அவ்வாண்டிலும் 1988இலும் வந்தன. ஆனால் 1964 ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் அதற்குமுன்பே கப்பலேறிவிட்டனர். காத்திருப்புக்கும் விலையுண்டு.

"யார் பெரியவர், சேர்?" என்று மாணவர் கேட்பர். குனிந்த முதுகை நிமிர்த்தியது சொல். நிமிர்ந்தவன் கையில் உரிமையைத் தந்தது காலமறிதல். முன்னது இன்றேல் பின்னது ஏது? பெற்றுத் தந்தவரை நினைக்கிறோம்; கேட்கக் கற்பித்தவரையும் மறவாதிருப்போம்.