சித்திரை மாதத்தில் கொல்லைத் தோட்டமும் குடும்ப யாத்திரையும்

(வேப்பூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்ஸ்பெக்டர் வந்தால் தவணை தவறிய கடனைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அந்தப் பேச்சை எடுக்கப் போவதில்லை. வீட்டுக் கொல்லையில் கீரை போடுவதைப் பற்றியும், பெண்டு பிள்ளைகளுடன் ஒரு நாள் வெளியே போய் வருவதைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் இவ்விரண்டும் எவ்வாறு கடனோடு சம்பந்தப்பட்டிருக்கின்றன என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று நம் முன்னோர் வகுத்திருக்கின்றனர். வேம்பு பூத்து, மா காய்த்து, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பழம் தொங்கும் காலம் இது. பல கோயில்களில் வசந்தோற்சவம் நடப்பதும் இப்பொழுதே. நந்தவனத்து மண்டபத்தில் சுவாமியை எழுந்தருளச் செய்து, ஊரார் குடும்பத்துடன் சென்று மாலைக் காற்று வாங்கித் திரும்புவர். தோட்டமும் உலாவும் ஒன்றாகச் சேர்ந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல.

முதலில் என் வீட்டுக் கணக்கையே உங்கள் முன் வைக்கிறேன். சென்ற வருஷம் ஒன்பது வயதுள்ள என் மூத்த பெண் எப்பொழுதும் சோர்ந்தே இருந்தாள். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். வைத்தியர் ரத்தத்தைப் பரீட்சித்து, இது ரத்த சோகை என்றார். இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வாரத்தில் எத்தனை நாள் கீரை சமைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் விழித்தேன். என் மனைவி வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதி வருபவள். அதைப் புரட்டிப் பார்த்ததில், ஒரு மாதத்தில் நான்கு முறைதான் கீரை வாங்கியிருந்தோம். ஊராருடைய சங்கங்களின் கணக்கையெல்லாம் தணிக்கை செய்கிற நான், என் வீட்டு அடுப்பின் கணக்கைத் தணிக்கை செய்யவில்லை! அதே சமயத்தில், கிணற்றடித் தண்ணீர் எங்கள் கொல்லையில் தேங்கிக் கொசுவுக்கு இடமாகி நின்றது.

இது என் வீட்டுச் சங்கதி மாத்திரம் அன்று. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள். அதாவது இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் பாதிப் பேருக்கு அது இருக்கக் கூடும். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கனிகளாவது உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. நம் வீடுகளில் சோறு நிறையவும் காய் குறையவும் இருப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே பங்குனி மாதத்தில் கொல்லையைக் கொத்தி நான்கு பாத்தி போட்டோம். முளைக்கீரை ஒன்றில், வெண்டை ஒன்றில், கொத்தவரை ஒன்றில். வேலியோரம் புடலும் பாகலும். விதை முளைத்து, இரண்டு இலை விட்டு, பார்க்க அழகாய் இருந்தது. அப்பொழுதுதான் நான் ஒரு தவறு செய்தேன். பள்ளிக்கூட விடுமுறை வந்ததும், குழந்தைகளைத் தொலைவிலுள்ள மலை ஸ்தலத்துக்கு அழைத்துப் போக வேண்டுமென்ற ஆசையில், வெளியில் 20,000 ரூபாய் வட்டிக்கு வாங்கினேன். பாதிப் பொழுது வண்டியிலும் மறு பாதி கூட்டத்திலும் கழிந்தது. நான்காம் நாள் திரும்பி வந்து பார்த்தால், சித்திரை வெயிலில் நாற்றெல்லாம் கருகிக் கிடந்தன. வட்டி ஒன்றுதான் வாடாமல் வளர்ந்து கொண்டிருந்தது. "ஊரார் கடன் வாங்கினால் எதற்கு என்று கேட்கிறீர்களே, உங்களை யார் கேட்பது?" என்றாள் என் மனைவி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது யாதெனில், கோடைத் தோட்டம் போட்டவன் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். காலையில் போய் மாலையில் வரக்கூடிய இடமே அவனுக்கு ஏற்ற யாத்திரை. அவ்வித யாத்திரைக்குக் கடனும் வேண்டியதில்லை.

இனித் தோட்ட விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் முறை ஆரம்பித்தபோது, பக்கத்துக் கிராமத்தில் வயது முதிர்ந்த ஓர் அம்மாள் எனக்கு ஒரு வழி காட்டினார். அவர் கொல்லையில் சுரைக்கொடிகளின் நடுவே புது மண்பானையொன்று கழுத்து வரை புதைக்கப்பட்டிருந்தது. "பானையை நிரப்பி மூடி வைத்து விடுங்கள் ஐயா. பசித்த பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடுவது போல, செடி வேண்டிய மட்டும் தானே குடித்துக் கொள்ளும்" என்றார். அவர் சொன்னதில் உண்மையான காரணம் இருக்கிறது. மண்பானையின் உடலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. சுற்றிலும் மண் உலர்ந்தால் அது பானைத் தண்ணீரை உறிஞ்சும். மண் நனைந்திருந்தால் கசிவு தானே குறையும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊராயினும், இந்த வேலைக்குப் பீங்கான் ஜாடி உதவாது. மெருகு பூசிய பாத்திரம் கசிவதில்லை. வர்ணம் பூசாத சாதாரண மண்பானைதான் வேண்டும். ஐந்தாறு லிட்டர் கொள்ளும் பானையைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நான்கு கொடிகள் நடலாம். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை நிரப்பினால் போதும். வாயை மூட மாத்திரம் மறக்கக் கூடாது. திறந்த பானையில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும்.

எரு வேண்டுமென்று கவலைப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடும் ஊர் இது. ஆட்டுப் புழுக்கையை மட்க வைத்து இட்டால் பாத்திக்கு அதைவிட நல்ல எரு கிடைப்பது அரிது. நிலக்கடலைத் தோலையோ வைக்கோலையோ செடியடியில் பரப்பினால் ஈரம் காயாது. பாத்திரம் கழுவிய தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் வாய்க்கால் வெட்டி வாழைக்கும் பப்பாளிக்கும் விடுங்கள். சோப்புக் கலந்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வரும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கும். வேலியோரம் முருங்கை ஒன்றிருந்தால் வீட்டில் வைத்தியர் ஒருவர் இருப்பது போல. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கீரையிலுள்ள இரும்புச் சத்து எளிதில் உடம்பில் சேராது. எலுமிச்சை, நெல்லி முதலிய புளிப்பான கனிகளைச் சேர்த்து உண்டால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் சேராது. ரத்த சோகை அதிகமாயிருப்பவர்கள் கீரையை மாத்திரம் நம்பியிராமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை பெற வேண்டும்.

நாளொன்றுக்கு 20 ரூபாய்க்குக் காய்கறி வாங்கும் வீட்டில் வருஷத்துக்கு 7,300 ரூபாய் செலவாகிறது. அதில் பாதி கொல்லையிலிருந்து கிடைத்தாலும் 3,650 ரூபாய் மிச்சம். இது கோட்டை கட்டும் தொகையன்று. ஆனால் ஒரு தவணை தவறாமல் காப்பாற்றும் தொகை.

இனி யாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன். சுமார் இருபது கிலோமீட்டர் தூரத்தில் விருத்தாசலம் இருக்கிறது. வழக்கிலோ, வைத்தியத்திலோ, சந்தையிலோ வேலையிருந்தால்தான் நாம் அங்கே போகிறோம். இந்த வருஷம் நாங்கள் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு, விடியற்காலைப் பேருந்தில் குழந்தைகளுடன் சென்றோம். பழமலைநாதர் கோயிலில் படியிறங்கி ஆழத்துப் பிள்ளையாரைக் கண்டதும் குழந்தைகளுக்கு உண்டான சந்தோஷம், அந்த மலை ஸ்தலத்தில் உண்டாகவில்லை. அங்கே ஸ்தல விருக்ஷமான வன்னி மரத்தடியில் அதன் கதையைச் சொன்னேன். விபச்சித்து முனிவர் திருப்பணி செய்தபோது, வேலையாட்களுக்கு வன்னி இலையையே கூலியாகக் கொடுத்தாராம். அவரவர் செய்த வேலைக்குத் தக்கபடி அவரவர் கையில் இலை பொன்னாயிற்றாம். என் பெண் சற்று யோசித்து, "நம் வீட்டுக் கீரையும் அப்படித்தானே, அப்பா?" என்று கேட்டாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் சொல்ல முயன்றதை அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

அதே கோயிலைச் சேர்ந்த மற்றொரு கதையும் உங்களுக்குத் தெரியும். சுந்தரமூர்த்தி நாயனார் இங்கே பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். அது அவருக்கு இயன்றது. நாமோ நம் சேமிப்பைச் சங்கத்தில் போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, அதே சங்கத்தில் எடுத்துக்கொள்வது உத்தமம்!

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, வரும் வழியில் இரண்டு மண்பானைகளும் கறிவேப்பிலை நாற்றும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டோம். பேருந்துக் கட்டணம் உள்பட மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்டதே.

அயல் தேசத்திலும் இதற்கொரு திருஷ்டாந்தம் உண்டு. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தார் 1864-ல் ஒரு சங்கம் கூட்டி, குழந்தைகள் விளையாடுவதற்கு மைதானம் ஏற்படுத்தினார்கள். அதன் ஓரத்தில் குழந்தைகளுக்கென்று போட்ட பாத்திகளைப் பெற்றோரும் வந்து பராமரிக்கவே, அது குடும்பத் தோட்டமாயிற்று. இன்று அத்தேசத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஓய்வு நாளில் தூர தேசம் போகாமல், சங்கத்தின் மூலம் பெற்ற சிறு தோட்டத்தில் பயிரிட்டு, அங்கேயே சேர்ந்து உண்டு மகிழ்கின்றன. தனியே ஒருவனால் ஆகாதது சங்கத்தால் ஆயிற்று.

நம் சங்கமும் இதைச் செய்யலாம். 1904-ம் வருஷம் திரூரில் முதல் கிராமக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்ட காலந்தொட்டு, கடன் கொடுப்பது நம் வேலையில் பாதி. கடன் வேண்டாதபடி செய்வது மறு பாதி. ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு செடியை விதைக்கு விட்டு, பைசாச் செலவின்றி விதை மாற்றிக்கொள்ளட்டும். ஐந்தாறு குடும்பங்கள் கூடி ஒரே நாளில் யாத்திரை போகட்டும். போகாத வீட்டார் போன வீட்டார் செடிக்குத் தண்ணீர் விடட்டும். இதைவிடப் பெரிய கூட்டுறவு சட்டப் புத்தகத்தில் இல்லை.

என் பெண்ணுக்கு இப்பொழுது எப்படியிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மாத்திரையும் கீரையும் சேர்ந்து வேலை செய்தன. ஐந்து மாதம் கழித்துப் பரீட்சித்தபோது வைத்தியர் திருப்தி தெரிவித்தார். அதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பானைகளை நிரப்ப அவளே முன்னால் ஓடுகிறாள்.

அடுத்த முறை நான் வரும்போது உங்கள் கணக்குப் புத்தகங்களைப் பார்த்த பிறகு, கொல்லைகளையும் பார்ப்பேன்.