குடியை நிறுத்த ஒரு கூட்டம்: எங்கே, எப்படித் தேடுவது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர் வெளியிடப்படவில்லை.)

தெருவிளக்கு, குப்பை வண்டி, மழைநீர்க் கால்வாய் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கும் பத்து நிமிடம் ஒதுக்கிய தலைவருக்கும் செயலாளருக்கும் நன்றி.

என்னை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு குடிநோயாளி என்பது சிலருக்குத்தான் தெரியும். ஒன்பது வருடமாகக் குடிக்கவில்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி சொன்னால், இன்றைக்குக் குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி வந்து, "அண்ணே, அவரே நிறுத்தணும்னு சொல்றாரு. எங்க கூட்டிட்டுப் போறதுன்னுதான் தெரியலை" என்றார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். யார் என்று தேடாதீர்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் நம் மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கமும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது ஊரே பதறியது. வீட்டுக்குள் மெதுவாக நடக்கும் சாவுக்கு யாரும் பதறுவதில்லை. அந்தத் தங்கச்சிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் டாக்டர். தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்து. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது அது. நேரில் போகத் தயக்கமா? 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இரண்டுமே இலவசம்.

உடம்பிலிருந்து மது இறங்கச் சில நாள் போதும். மனசிலிருந்து இறங்குவதற்குத்தான் கூட்டம் வேண்டும். 1935-இல் அமெரிக்காவில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். அதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1957-இல் டெல்லி வழியாக இந்தியாவுக்கு வந்தது. சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. சாதி, மதம், சம்பளம் யாரும் கேட்க மாட்டார்கள்.

கூட்டத்தைத் தேடுவது எப்படி? ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்தில் உதவி எண்கள் இருக்கின்றன. சிகிச்சை தரும் டாக்டரிடமும் கேளுங்கள். மூன்று விஷயம் விசாரியுங்கள். தமிழில் நடக்கிறதா? குடும்பத்தாரும் உட்காரலாமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமா? இந்த வாரம் அதே இடம், அதே நேரம்தானா? பல கூட்டங்கள் பள்ளியிலோ சர்ச் வளாகத்திலோ இரவல் அறையில் நடப்பவை. இடம் மாறலாம். போன் செய்துவிட்டே கிளம்புங்கள். சர்ச்சில் நடப்பதால் அது மதக் கூட்டம் ஆகிவிடாது.

தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதனால் முதல் ஆறு மாதம் ரயில் ஏறித் தாம்பரம் தாண்டிப் போனேன். அதில் தப்பில்லை. ஆனால் மழை பெய்தால், ரயில் தாமதமானால், போகாமல் இருக்க மனசு காரணம் தேடும். கடை மட்டும் பக்கத்திலேயே இருக்கும். அதனால் சொல்கிறேன்: தூரமாகத் தொடங்கினாலும், பக்கத்தில் ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் நான் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். யாரும் அறிவுரை சொல்லவில்லை. டீ கொடுத்தார்கள். ஒருவர் தன் கதையைச் சொன்னார். அது என் கதையாக இருந்தது. ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். ஒரு தடவை சறுக்கினாலும் மறுபடி போங்கள். நானும் இரண்டு முறை சறுக்கினவன்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம். என் மனைவி எனக்கு முன்பே போனாள். பாட்டிலை ஒளித்து வைப்பதையும், என் ஆபீசுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வதையும் நிறுத்தினாள். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கட்டிட மாடி அறை வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடக்கிறது. ஏ.ஏ. குழு ஒன்று கேட்டால், ஒரு மாலை மட்டும் கொடுப்போமா? இலவசமாக வேண்டாம், தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்கள் மரபு. "குடிகாரர்களை நாமே உள்ளே கூப்பிடுவதா?" என்று ஒருவர் கேட்டார். ஐயா, குடிகாரன் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தான். உங்களோடு பொங்கல் விழாவில் கரும்பு பங்கு போட்டவன் நான். அந்த அறைக்கு வரப்போகிறவர்கள் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க வருகிறவர்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை வாக்குக்கு விடுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் என் வாசலுக்கு வாருங்கள். காரணம் கேட்க மாட்டேன், கூட வருவேன்.