பாட்டின் முத்தாய்ப்பும் பொறியின் துணையும்



பாட்டொன்றைத் தொடங்குதல் எளிது, முடித்தல் அரிது. எல்லா நாட்டுப் பாவலர்க்கும் பொதுவான இவ்வுண்மை, அமெரிக்க நாட்டின் கன்ட்ரி இசைப் பாட்டுக்களிலே தனிப்படப் புலனாகும். அவ்வகைப் பாட்டுக்களை இயற்றுவோருட் சிலர் இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவு எனப்படும் கணினிக் கருவிகளின் துணையை நாடுகின்றனர். முன்னிரு சரணங்களைத் தாம் எழுதி வைத்துக்கொண்டு, முடிவைப் பொறியிடம் கேட்கின்றனர். அவ்வாறு கேட்டாற் கிடைப்பது யாது? கிடைத்ததை எவ்வாறு பயன்கொள்ளல் வேண்டும்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

கன்ட்ரி இசை நம் நேயர்களுக்கு முற்றிலும் புதியதன்று. ஜிம் ரீவ்ஸ் என்னும் பாடகரின் மென்குரல் இலங்கையிற் பல இல்லங்களில் ஒலித்த குரலே. அமெரிக்காவின் தென்பகுதி மக்களிடையே வளர்ந்த இவ்விசையை நாடெங்கும் பரப்பிய பெருமையில் வானொலிக்கும் பங்குண்டு. 1925ஆம் ஆண்டில் நாஷ்வில் நகர வானொலி நிலையமொன்று தொடங்கிய நிகழ்ச்சி, பின்னர் 'கிராண்ட் ஓல் ஒப்றி' என்னும் பெயர் பெற்று, நூறாண்டு கடந்தும் நடைபெற்று வருகிறது. 1927இல் டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையிலுள்ள பிறிஸ்டல் நகரில் ரால்ப் பியர் என்பார் செய்த ஒலிப்பதிவுகள், ஜிம்மி றொஜேர்ஸையும் கார்ட்டர் குடும்பத்தாரையும் நாடறியச் செய்தன.

இப்பாட்டுக்களுட் பெரும்பாலானவை கதை சொல்பவை. உழைப்பு, பிரிவு, குடும்பம், குடி, இறப்பு, இறைபக்தி என்பன அவற்றின் பொருள். இசையமைப்பு எளியது, மூன்று நான்கு சுரக்கூட்டுக்களிலே பாட்டு முழுவதும் அடங்கிவிடும். ஆதலின் கேட்போரைப் பிணிக்கும் ஆற்றல் கதையிலேதான் தங்கியிருக்கிறது. சரணந்தோறும் கதை வளர, இடையிடையே பல்லவி மீண்டும் மீண்டும் வரும். பல்லவியின் சொற்கள் மாறா. ஆயினும், இறுதிச் சரணத்தைக் கேட்டபின் அதே சொற்கள் வேறு பொருள் தருதல் வேண்டும். அதுவே கன்ட்ரிப் பாட்டின் முத்தாய்ப்பு. அது வாய்க்காவிடின், முன்னர்ப் பாடியன யாவும் பயனின்றிப் போம்.

இதற்கொரு சான்று கூறலாம். ஜோர்ஜ் ஜோன்ஸ் 1980இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாட்டொன்றுண்டு. ஒருத்தியை உயிருள்ளவரை மறவாத ஒருவன் இறுதியில் அவளைக் காதலிப்பதை நிறுத்துகிறான். நிறுத்தியது சாவு என்பது பின்னரே நமக்குத் தெரியவருகிறது. இதனை இயற்றியோர் பொபி பிறடொக், கேர்லி பட்மன் ஆகிய இருவர். ஒலிப்பதிவை மேற்கொண்ட பில்லி ஷெரில் முதல் வடிவத்தை ஏற்கவில்லை. மீண்டும் மீண்டும் திருத்தி எழுதுமாறு அவர்களைப் பணித்தார். அதன் பயனாகவே, இறுதிச் சடங்குக்கு அப்பெண் வந்து சேரும் பகுதி உண்டாயிற்று. அப்பகுதி பாடப்படாமல், பேச்சாகவே சொல்லப்படுகிறது. ஜோன்ஸோ, இத்துணைத் துயரமான பாட்டை மக்கள் விரும்பார் என்று எண்ணியிருந்தார். ஆயின், பல்லாண்டுகளாகத் தனிப்பாடகராக முதலிடம் பெறாதிருந்த அவரை அப்பாட்டே மீண்டும் முதலிடத்தில் அமர்த்திற்று. இறந்தான் என்பதோடு பாட்டை நிறுத்தியிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகியிருக்கும். அவள் வந்தாள் என்னும் செய்தியே அதனை உயர்த்தியது.

இனிப் பொறியின் இயல்பை நோக்குவோம். செயற்கை நுண்ணறிவுக் கருவி, எண்ணிறந்த எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதற்கு வாய்ப்பு மிகுதி என்று கணிப்பது. ஆகவே, முன்பு பலர் நடந்த வழியிற் செல்லுதல் அதற்கு எளிது. ஒருவரும் நடவாத வழியிற் செல்லுதல் அரிது. நல்ல முத்தாய்ப்போ, கேட்போர் எதிர்பாராததாகவும், கேட்டபின் இதுவன்றி வேறில்லை என்று உடன்படத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். பொறியின் இயல்பும் பாட்டின் தேவையும் இவ்விடத்தில் முரண்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். லொறிச் சாரதி ஒருவனைப் பற்றிய பாட்டு. தொலைதூர வீதிகளில் இரவெல்லாம் லொறி செலுத்துபவன், மனைவிக்குத் தொலைபேசியில் "விடியுமுன் வந்துவிடுவேன்" என்கிறான். அதுவே பல்லவி. முதற் சரணத்தில் அவர்கள் புதுமணத் தம்பதிகள். இரண்டாஞ் சரணத்திற் பிள்ளைகள் பிறந்துவிட்டனர். அவன் அதே சொற்களைச் சொல்லுகிறான். பல நாள் வந்து சேர்வதில்லை. இதற்கு முடிவு கேட்டாற் பொறி யாது தரும்? பெரும்பாலும் விபத்தில் அவன் மாள்வான்; அல்லது விண்ணுலகில் இருவரும் கூடுவர்; அல்லது வாயில் விளக்கு அணையாது எரிந்துகொண்டிருக்கும். பிழையென்று சொல்லத்தக்க குறை இவற்றில் ஒன்றுமில்லை. ஆயினும், இவற்றைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

வேறொரு முடிவை எண்ணிப் பாருங்கள். சாரதி முதுமையடைந்து வீட்டோடு இருக்கிறான். இரவில் தொலைபேசி ஒலிக்கிறது. பேசுபவன் மகன், அவனும் இப்போது லொறிச் சாரதி. "விடியுமுன் வந்துவிடுவேன்" என்று அவன் தன் தந்தைக்குச் சொல்லுகிறான். மனைவி இத்தனை ஆண்டும் காத்திருந்த காத்திருப்பு யாதென்பதை அக்கணத்திலே கிழவன் அறிகிறான். சொல் ஒன்றுதான், சொல்பவனும் கேட்பவனும் மாறிவிட்டனர். இத்தகைய முடிவைப் பொறி ஒருபோதும் தராது என்று நான் சொல்லமாட்டேன். நூறு முடிவு கேட்டால், இதுவும் ஒன்றாக வரக்கூடும். ஆனால், நூற்றுள் இதுவே மெய்யானது என்று அறிந்தெடுக்க, காத்திருந்து பழகிய நெஞ்சமொன்று வேண்டும்.

ஆதலின், இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் கருதற்பாலன மூன்று.

முதலாவது, "பாட்டை முடித்துத் தா" என்று வாளா கேட்டல் கூடாது. கதையில் இதுவரை மறைந்திருப்பது யாது, இறுதியில் அதனை அறிய வேண்டியவர் யார், பல்லவியின் எச்சொல் புதுப்பொருள் பெறல் வேண்டும் என்பவற்றை எழுதுபவரே முதலில் தெளிந்து, பின்னர் அவற்றைக் கூறிக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, பொறி தரும் முதற் பத்து முடிவுகளையும் விலக்க வேண்டியவற்றின் பட்டியலாகக் கொள்ளலாம். யாவர்க்கும் எளிதில் தோன்றுவன எவை என்பதை அவை காட்டிவிடும். பயன்மிக்க துணை என்று இதனையே சொல்லுவேன். ஷெரில் மனிதரைக் கொண்டு செய்வித்த வேலையும் ஏறத்தாழ இதுவே. ஏற்றற்கு உரியது வரும்வரை ஏலாதவற்றை அவர் தள்ளிக்கொண்டே இருந்தார். தள்ளும் துணிவு எழுதுவோரிடத்தில் இல்லையேல், பொறியாற் பயனில்லை.

மூன்றாவது, கிடைத்த அடிகளை வாய்விட்டுப் பாடிப் பார்த்தல் வேண்டும். காகிதத்தில் எதுகை பொருந்திய அடி, மூச்சுக்குப் பொருந்தாமற் போதலுண்டு.

சொல்லுக்கு முடிவு தேடுவது போலவே ஒலிக்கு முடிவு தேடுவதும் உண்டு. சூனோ, யூடியோ முதலிய கருவிகள் இசையையும் குரலையும் தாமே உண்டாக்குவன. அரைகுறையாக உள்ள ஒலிப்பதிவைக் குறித்த ஓரிடத்திலிருந்து நீட்டித் தரவும் அவற்றால் இயலும். ஆயின், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது பல்லவியை மீண்டும் தொடங்கிவிடுதலும், இடையில் திடீரென அறுந்துபோதலும் அவற்றிற் காணப்படும் குறைகள். எனவே, ஈற்றடியை மீட்டும் ஒருமுறை பாடுவதா, வேகந் தணித்துக் கிற்றாரின் ஒரே மீட்டலுடன் நிறுத்துவதா, ஒலியைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதா என்பதைப் பாட்டின் பொருளறிந்து நாமே முன்னர்த் தீர்மானித்தல் நன்று. தீராத துயருக்குத் தேய்ந்து மறையும் ஒலி பொருந்தும். தீர்ந்துவிட்ட கதைக்கு உறுதியான நிறுத்தமே பொருந்தும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, பொறி தானாக ஆக்கிய பகுதிக்குப் பதிப்புரிமை இல்லையென்றும், பொறிக்குக் கட்டளை எழுதியமை மட்டும் ஒருவரை ஆசிரியராக்கப் போதாதென்றும், மனிதர் எழுதிய பகுதிக்கும் அவர் செய்த தெரிவுக்கும் ஒழுங்கமைப்புக்கும் பாதுகாப்பு உண்டென்றும் கூறுகிறது. ஆகவே, எவ்வடி தம்முடையது, எவ்வடி பொறியினுடையது என்று எழுதி வைத்துக்கொள்ளல் அறிவுடைமை. டென்னசி மாநிலமும் 2024இல் சட்டமியற்றி, ஒருவரின் குரலை அவர் இசைவின்றிப் பொறியாற் போலச்செய்தலைத் தடுத்திருக்கிறது. அதே 2024இல் வேறொரு செய்தியும் நிகழ்ந்தது. 2013இற் பக்கவாதத்தாற் பாடும் ஆற்றலை இழந்த ராண்டி ட்ராவிஸ், தம் பழைய ஒலிப்பதிவுகளைக் கொண்டு இக்கருவியின் துணையாற் புதுப்பாட்டொன்றை வெளியிட்டார். அது அவருடைய இசைவோடு, அவர் அறிய நடந்தது. கருவி ஒன்றே, பயன்படுத்தும் முறையில் நீதியும் அநீதியும் பிரிகின்றன.

முடிவு எழுதுவோரின் பொறுப்பு எத்தகையது என்பதைக் காட்டும் ஒரு வரலாற்றோடு இப்பேச்சை நிறைவு செய்யலாம். கன்ட்ரி இசையின் தலைமகன் எனத்தகும் ஹாங்க் வில்லியம்ஸ், 1953 ஜனவரி முதலாம் நாள், இசைநிகழ்ச்சியொன்றுக்குக் காரிற் சென்றுகொண்டிருந்தபோது இறந்தார். வயது 29. முற்றுப்பெறாத பாட்டுக்கள் எழுதப்பட்ட குறிப்பேடுகளை அவர் விட்டுச்சென்றார். 2011இல், பொப் டிலன், மேர்ல் ஹகார்ட், நோரா ஜோன்ஸ் முதலியோரும், ஹாங்கின் பேத்தி ஹொலி வில்லியம்ஸும் அவற்றுட் சிலவற்றை நிறைவு செய்து பாடி, ஓர் இசைத்தொகுப்பாக வெளியிட்டனர். இறந்தவரின் பாட்டை முடிப்பது முறையோ என்று கேட்கலாம், கேட்பதும் நியாயமே. ஆயின், அவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லி, தம் குரலிற் பாடினர். குறையிருப்பின் இன்னார் செய்த குறை என்று சுட்டலாம்; நிறைவிருப்பின் அவரைப் பாராட்டலாம்.

பொறி எழுதிய முடிவுக்கு அவ்வாறு முன்வந்து நிற்பவர் யார்? அதனைத் தெரிந்தெடுத்துத் தம் பாட்டிற் சேர்த்தவரே நிற்றல் வேண்டும். "இது நான் எண்ணிய முடிவு, என் கதைக்கு இதுவே மெய்" என்று கூசாமற் சொல்ல இயலுமாயின், அவ்வடி முதலில் எங்கிருந்து வந்ததாயினும், அதனை அவர் பாடலாம். அவ்வாறு சொல்ல இயலாதெனின், பாட்டு முடியாமலே கிடக்கட்டும். முடியாத பாட்டு இன்னொரு நாள் முடியும்; பொய்யாக முடித்த பாட்டை மீண்டும் திறப்பார் அரியர்.