தொட்டுப் பார்ப்போம்

(திருவண்ணாமலையில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நம்ம சேரிக்கும் அந்தப் பெட்டி வந்துச்சு. வைஃபை வரலைன்னா என்ன செஞ்சோம்? தண்டராம்பட்டு, கலசபாக்கத்திலிருந்து பஸ் ஏறி இங்கே கடைக்குத் தூக்கிட்டு வந்தோம். கடைக்காரர் லினக்ஸை அழிச்சார், காசையும் வாங்கிக்கிட்டார். "நீ தொடாதே, கெட்டுப்போகும்" என்றார். தொடாதே என்ற சொல் நமக்குப் புதுசா?

பெரும்பாலும் பெட்டியில் பழுதே இருக்காது. வைஃபை சில்லையும் கெர்னலையும் பேசவைக்கிற டிரைவர் இருக்காது. அல்லது சில்லில் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேர் இருக்காது. முதலில் பாடக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வையுங்க. டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்தா எந்தச் சில்லு என்று தெரியும். எங்கே தடங்கல் என்று கெர்னலே எழுதிவைத்ததை 'டிமெசேஜ்' காட்டும். ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி, டெதரிங் போட்டு, அந்தச் சில்லுக்கான பொதியை நிறுவுங்க. புதுக் கெர்னல் ஏத்தினதும் திரை கறுத்துப்போச்சா? கிரப் பட்டியலில் பழைய கெர்னல் பெரும்பாலும் இருக்கும். அது வழியா உள்ளே போங்க.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஹெல்சிங்கி மாணவர் தொடங்கியது இந்தக் கெர்னல். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

சரிசெய்ததைத் தமிழில் நோட்டில் எழுதி வையுங்க. அடுத்த தெருப் பிள்ளை வந்து கேட்டா, நீங்க செஞ்சு கொடுக்காதீங்க. அவளையே தொடச் சொல்லுங்க.