சிற்றுருவில் ஒரு நிலம்



பொம்மை ரயிலைக் கண்டு மகிழாத குழந்தை இல்லை. அம்மகிழ்ச்சியை வயது வந்த பின்னும் ஒரு கலையாக வளர்த்துக்கொண்டவர்கள் பல நாடுகளில் உள்ளனர். நானும் அவர்களுள் ஒருவன். இன்று அந்தச் சிறு ரயில் ஓடுகின்ற நிலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 1970களில் ‘என்-டிராக்’ என்னும் முறை தோன்றியது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு பலகையின்மேல் தண்டவாளமும் நிலக்காட்சியும் அமைப்பர்; பின்னர் ஓரிடத்தில் கூடி அப்பலகைகளை வரிசையாக இணைப்பர். பலகையின் வழக்கமான நீளம் 4 அடி. அதன் இரு முனைகளிலும் தண்டவாளம் எந்த உயரத்தில், எந்த இடத்தில் வரவேண்டும் என்பதற்குப் பொது விதி உண்டு. நடுவிலுள்ள நிலமோ அவரவர் உரிமை. மலையும் அமைக்கலாம், வயலும் அமைக்கலாம்.

ஆயினும் அவ்வுரிமைக்கு அளவு என்னும் வரம்பு உண்டு. இங்கே யாவும் 160இல் ஒரு பங்கு. 40 அடி மரம் 3 அங்குலமாகிவிடும். ஐந்தரை அடி மனிதர் அரை அங்குலத்திற்கும் குறைவு. 4 அடிப் பலகை குறிப்பது 640 அடி நிலத்தையே. ஓர் ஊரை முழுதும் அதனுள் அடக்க இயலுமா? ஆகவே, அவ்வூருக்கு அடையாளமானவை எவை என்று ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

நிலம் அமைக்கும் முறை எளியது. அட்டைப் பட்டைகளைக் கூடைபோல் பின்னி, மேடுபள்ளம் வகுத்து, பிளாஸ்டர் கரைசலில் நனைத்த துணியைப் போர்த்தினால், காய்ந்ததும் குன்று உருவாகும். அதன்மேல் மண்ணிறம் பூசி, சலித்த மண்ணையும் பச்சைத் தூளையும் தூவி, நீர் கலந்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அப்பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்பதுண்டு. நீரின் பரப்பு இழுவிசையே அதற்குக் காரணம். ஒரு துளி சோப்புக் கரைசல் அவ்விசையைக் குறைத்துவிடும். பசையும் மண்ணுள் இறங்கிவிடும்.

அரிய பகுதி, கூர்ந்து பார்த்தலே. தண்டவாளத்தின் நிறம் யாது என்று வினவினால் வெள்ளி நிறம் என்போம். ரயில் நிலையத்தில் நின்று நோக்குங்கள். சக்கரம் தேய்க்கும் மேற்புறம் மட்டுமே பளபளக்கும். பக்கங்கள் துருவேறிப் பழுப்பாயிருக்கும். தொலைவிலுள்ள குன்று வெளிறி, நீலம் கலந்து தோன்றும். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் விளைவது அது. இவற்றைக் காணாத கண்ணுக்கு எத்துணை விலையுயர்ந்த வண்ணமும் உதவாது.

இக்கலையின் பெரும்பயனை ஒருவர் வாழ்க்கை காட்டுகிறது. ராய் இங்கிலாந்து என்பது அவர் பெயர். 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து நாட்டிற்கு வந்தவர். ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ என்னும் வட்டாரத்தின் வைக்கோற் கூரை வீடுகள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. பழைய கூரைகள் அகற்றப்படுவதையும் ஊர்களின் தோற்றம் மாறுவதையும் கண்டு அவர் வருந்தினார். தடுக்கும் ஆற்றல் அவரிடம் இல்லை. பதிவு செய்யும் ஆற்றல் இருந்தது. வீடுகளை அளந்து குறித்துக்கொண்டு, 76இல் ஒரு பங்கு அளவில் அட்டையால் அவற்றைச் செய்யலானார். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்னும் சிற்றூரில் பெண்டன் அருங்காட்சியகம் தோன்றியது. 1995இல் அவர் மறைந்தார். தன்னார்வத் தொண்டர்கள் அப்பணியைத் தொடர்ந்தனர். 1920களிலும் 1930களிலும் அந்நாட்டுப்புறம் இருந்த கோலத்தை, ஓடும் ரயில்களோடு அங்கே காணலாம்.

நண்பர்களே, பலகையும் பசையும் பின்னர் வரட்டும். உங்கள் வீட்டைச் சுற்றி 640 அடி நிலத்தை முதலில் அளந்து பாருங்கள். எத்தனை மரங்கள், சுவரின் நிறம் என்ன, கூரை எதனால் ஆனது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அவற்றுள் சில அடுத்த ஆண்டு இல்லாமற்போகலாம். உங்கள் குறிப்பேட்டில் அவை இருக்கும்.